பின் கதவு

மெத்தையை முழங்காலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விரிப்பின் கடைசி மூலையை உள்ளே திணித்தாள் சந்திரிகா. லெபு சூலியா என்ற தெருவில் அது ஒரு பழைய கடைவீடு. கீழே துணிக்கடை, மேலே சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகள். பழைய ஆட்கள் கிளம்பிப் புது ஆட்கள் வருவதற்குள் எல்லாவற்றையும் துடைத்து முடிக்க வேண்டும்.

கூட வேலை செய்யும் நூர்ஜான் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவள் வாய் ஓயாது. இன்று ஒரே துண்டைப் பிரித்துப் பிரித்து மடித்தாள்.

"பாத்துட்டியா?" என்றாள் சந்திரிகா.

"என்னக்கா?"

"நடிக்காதடி. டீவியில நடிச்சவங்க போதும்."

நூர்ஜான் துண்டை முகத்தருகே வைத்துக்கொண்டாள். "பாத்தேன்கா. அந்த நடிகரு வாசு அண்ணன விட நல்ல கலரு."

"அவரு வெயில்ல நின்ன மனுஷன்லா."

சந்திரிகாவின் கணவன் வாசு ஒரு நகைக்கடை வாசலில் காவல் நிற்கும் ஜாகாவாக இருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் முன் வாசலில் நுழைந்த இரண்டு பேரைத் தடுக்கப்போய், சுடப்பட்டு, கடைப் படியிலேயே இறந்தான். சுட்டவர்கள் பிடிபட்டுச் சிறைக்கும் போய்விட்டார்கள். இப்போது அந்தச் சம்பவம், உண்மைக் குற்றங்களை நாடகமாக்கும் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்திருக்கிறது. நாடகத்தில் ஜாகா கொள்ளையர்களின் ஆள். பின் கதவைத் திறந்துவிடுகிறான். வேலை முடிந்ததும் அவர்கள் அவனையும் சுட்டுவிட்டுப் போகிறார்கள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி ஜாஹிர் கதவருகே நின்றார். உள்ளே வரவில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம்." கைப்பேசியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "கோலாலம்பூர்லேர்ந்து வந்த ஃபேமிலி கேட்டாங்க. அந்த நாடகத்து ஆளோட சம்சாரமா ரூம் கிளீன் பண்றதுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க பாஸ்?"

"நான் நம்பலக்கா. ஆனா கெஸ்ட் பெட்டியத் திறந்து போட்டுட்டு வெளிய போறவங்க. அவங்க நம்பணும்லா." தொண்டையைச் செருமினார். "அந்த டீவிக்காரங்கள ஒரு வார்த்தை போடச் சொல்லுங்களேன். அந்த ஜாகா நல்லவருன்னு. ஃபேஸ்புக்ல போட்டாக்கூடப் போதும். நான் கெஸ்டுக்குக் காட்டிருவேன்."

"போடலன்னா?"

ஜாஹிர் அறைக்குள் பார்த்தார். "போடுவாங்கக்கா. ஏன் போட மாட்டாங்க?"

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, நாடகம் எடுத்தவர்களைப் பார்க்க சந்திரிகா ஃபெர்ரி ஏறினாள். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. வாசுவோடு இதில் போகும்போதெல்லாம் அவன் காற்றுக்குத் தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொள்வான். இதையும் அவள் நாடகக்காரர்களிடம் சொல்லியிருந்தாள். நாடகத்தில் அந்த நடிகன், திருட்டுக்கு நாள் குறிக்கப் போகும்போது அப்படியே செய்தான்.

தயாரிப்பு அலுவலகம் பட்டர்வொர்த்தில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இருந்தது. வெகுநேரம் உட்கார வைத்துவிட்டு லோகேஸ்வரன் வெளியே வந்தான். கதை எழுதியவன் அவன்தான். அவள் வீட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, வாசுவைப் பற்றி ஒரு மாலை முழுதும் கேட்டுப் பதிவு செய்துகொண்டு போனவன்.

"அக்கா! சாப்டீங்களா? வாங்க, உள்ள வாங்க."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் கணினியில் நாடகத்தின் தொடக்கத்தை ஓடவிட்டான். "நாங்க முதல்லயே போட்டிருக்கோம்கா. இருங்க, காட்டுறேன்." எழுத்து வந்ததும் போயிற்று. நிறுத்தினான், அதற்குள் கடல் வந்துவிட்டது. பின்னால் தள்ளினான், மறுபடியும் கடல். கடைசியில் பிடித்துவிட்டான். "இதோ. 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது. கற்பனையும் கலந்தது.'"

"எது கற்பனைன்னு போடலியே தம்பி."

"அப்படிலாம் போட முடியாதுக்கா. பேரு மாத்திட்டோம்ல? வாசுன்னு எங்கயும் வராது."

"நடிகரு போட்டிருந்த சட்டை அவரோடது. நான்தான துவச்சு, அயர்ன் பண்ணிக் குடுத்தேன்?"

லோகேஸ்வரன் மேசையைப் பார்த்தான். பிறகு, "பின் கதவும் நீங்க சொன்னதுதானேக்கா," என்றான் மெதுவாக.

கைப்பேசியைத் தட்டினான். அவளுடைய குரல் வந்தது. அவளுக்கே அந்நியமான, சிரிப்போடு கூடிய குரல். 'கடைக்குப் பின்னால சாப்பாட்டுக் கடை தம்பி. அங்க மங்கு தட்டு கழுவுற இந்தோனேசியாக்கார அம்மாவுக்கு டாய்லெட் போக எடமே இல்ல. இவரு தெனமும் முதலாளிக்குத் தெரியாம பின் கதவத் தெறந்து விடுவாரு. மாட்டுனா வேல போயிரும்னு சொன்னாலும் கேக்க மாட்டாரு...'

அவன் நிறுத்தினான். "கதவத் தெறந்தது உண்மை. வந்தது யாருன்னு மட்டும்தான் மாத்துனோம். சும்மா முன்னால வந்து சுட்டாங்கன்னா அதுல கதை இல்லக்கா."

"அந்த அம்மாவக் கேட்டிருக்கலாமே."

"ஊருக்குப் போயிட்டாங்களாம். தேடினோம்." அவன் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "எழுதிக் குடுத்தா கம்பெனி தப்பு செஞ்சதா ஆயிருமாம். வக்கீல் விடமாட்டேங்கிறாரு. என் கையில ஒண்ணும் இல்ல. இருங்க, ஒரு மைலோ சொல்றேன்."

"வேணாம் தம்பி. அதுல என் குரல அழிச்சிரு."

"அது ஆபீஸ் சொத்துக்கா."

அடுத்த நாள் ஜாஹிரிடம் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். "நான் உங்கள வேலையிலேர்ந்து நிப்பாட்டலக்கா," என்றார். "அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

அவள் துடைப்பமும் வாளியுமாக மேலே போனாள். அறையில் தங்கியிருந்தவர்கள் அவசரமாக வெளியே போயிருந்தார்கள். பெட்டி திறந்து கிடந்தது. கண்ணாடியின் கீழ் ஒரு கைக்கடிகாரம், ஒரு மெல்லிய சங்கிலி. சந்திரிகா தலையணையை எடுத்து உறையைக் கழற்றத் தொடங்கினாள்.

நூர்ஜான் பின்னாலேயே வந்தாள். நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு, நுனியில் உட்கார்ந்தாள்.

"உனக்கு அந்தப் பக்கத்து ரூம்தான?"

"பாஸ் உங்கூட இருக்கச் சொன்னாருக்கா. எல்லா ரூமுக்கும்." நூர்ஜான் கைப்பேசியை வெளியே எடுத்தாள். அவளைப் பார்க்கவில்லை. "ஆரம்பிக்கும்போது ஒண்ணு, முடிச்சப்புறம் ஒண்ணு, படம் எடுத்து அனுப்பணுமாம். பொருளெல்லாம் தெரியணும்."

சந்திரிகா தலையணையோடு சுவரோரம் ஒதுங்கினாள்.

"இல்லக்கா," என்றாள் நூர்ஜான். குரல் இறங்கிவிட்டது. "படத்துல நீயும் வரணுமாம்."

சந்திரிகா தலையணையைக் கட்டில்மேல் வைத்தாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் போய், இரண்டு கைகளும் தெரியும்படி நின்றாள்.