மூன்றாம் நிலைக்கு ஒரு சாட்சி

தியான மன்றத் தலைவருக்குத் தூக்கமே போய்விட்டது. பக்கத்துத் தெரு மன்றம் தங்கள் பிக்குவின் நினைவுக்கல்லில் 'ஞானத்தின் இரண்டாம் நிலை எய்தியவர்' என்று பொறித்துவிட்டது. மொத்தமே நாலு நிலைதான். போன மாதம் காலமான நம் பிக்கு மூன்றாம் நிலைக்குக் குறைந்தால் வெளியே தலைகாட்ட முடியுமா?

ஆனால் கண்ணால் பார்த்த சாட்சி இல்லாமல் நிலை கிடையாது என்று மன்றத்துக்கு விதி எழுதியவரும் இந்தத் தலைவர்தான். பிக்குவுக்கு இருபது வருஷம் வேன் ஓட்டியவனைக் கூப்பிட்டுப் படிவத்தை நீட்டினார்.

"ஒளி கிளி ஏதாவது பார்த்திருப்பியே, கையெழுத்துப் போடு."

"சாமி அப்படி எதுவும் சொன்னதில்லைங்கய்யா."

"தன் நிலையைத் தானே சொல்லிக்கக் கூடாதுன்னு பிக்குகளுக்கு விதிப்பா. உனக்கென்ன கேடு?"

ஓட்டுநருக்கு, வாழ்க்கையில் இந்த ஒருவரைப் பற்றியாவது பொய் சொல்லாமல் இருக்கலாமே என்றிருந்தது.

ஒரு மழைநாள் நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் அவன் கைக்கும் வாய்க்கும் பூட்டுக் கிடையாது. சைக்கிளில் வந்தவர் வேனை உரசிவிட்டு விழ, ஜாக்கிக் கம்பியோடு இறங்கினான். பின்னாலேயே பிக்குவும் இறங்கினார். தடுக்கவுமில்லை, உபதேசமும் இல்லை. சேற்றில் சிதறிய நோட்டுப் புத்தகங்களைக் குந்தி உட்கார்ந்து பொறுக்கி, ஒவ்வொன்றாகத் தன் காவித் துணியில் துடைத்தார். வயசானவர் குந்தியிருக்கும்போது கம்பியும் கையுமாக நிற்பது அசிங்கமாக இருந்தது. அவனும் குந்தினான். சைக்கிளில் வந்த வாத்தியாரும் குந்தினார். அந்த வாத்தியார்தான் இன்றைக்கு அவனுடைய சம்பந்தி.

அன்றைய மழைவாசனை இன்னும் பின் சீட்டில் இருக்கிறது. பூஞ்சை என்கிறாள் மனைவி.

படிவத்தில் எழுதினான்: 'ஒளி பார்க்கவில்லை. நோட்டுப் பொறுக்கியதைப் பார்த்தேன். அதற்கப்புறம் நான் யாரையும் அடித்ததில்லை.'

தலைவர் இரண்டு தடவை படித்தார். "நோட்டுப் பொறுக்கினது எத்தனையாவது நிலைப்பா?"

"அது தெரியாதுங்கய்யா. வீட்டுல அடி நின்னதுன்னு என் பொண்டாட்டிக்குத் தெரியும். வேணும்னா அவளையும் கையெழுத்துப் போடச் சொல்றேன்."

கல் வந்தது. பிக்குவின் பெயர், கீழே நிலை பொறிக்காமல் ஒரு முழ நீளத்துக்கு வெறும் இடம். பக்கத்துத் தெருத் தலைவர் வந்து அதையே வெகுநேரம் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"நாலாம் நிலையா? அடக்கமா விட்டிருக்கீங்க."

ஓட்டுநர் தலைவரைப் பார்த்தான். தலைவர் இல்லையென்று சொல்லவில்லை. கைக்குட்டையை எடுத்து, அந்த வெறும் இடத்தைப் பளபளவென்று துடைத்துவிட்டார்.