பரிமளாவின் மனு

‘கடல் அரிக்கிறது, கல் கொட்டுங்கள்’ என்று நெம்மேலிக் குப்பத்து மாயவன் கொடுத்த மனுவில் ‘தீர்வு காணப்பட்டது’ என்று முத்திரை குத்தியவன் நான்தான். தலைவர் மேயராக இருந்தபோது வந்த பழக்கம் அது. பதில் கடிதம் போய்விட்டால் மனு தீர்ந்தது என்று கணக்கு. நகரத்துக் கொசுக்களையும் அப்படித்தான் ஒழித்தோம். கொசுக்களுக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை. அந்தச் சாதனைப் பட்டியலால் அவர் எம்.பி. ஆனார். நான் எம்.பி.யின் உதவியாளன் ஆனேன். முத்திரையும் கூடவே வந்தது.

கார்த்திகைப் புயலில் மாயவனின் வீட்டைக் கடல் இழுத்துக்கொண்டது, உள்ளே இருந்த மாயவனோடு.

துக்கம் கேட்கப் போனோம். அவன் மனைவி பரிமளா எங்கள் கடிதத்தைத் தலைவரிடம் நீட்டினாள்.

"தீர்வு கண்டாச்சுன்னு போட்டுகீது. எங்க சார் கீது அந்தக் கல்லு? காட்டு, நானும் பாக்கறேன்."

தலைவர் கைகூப்பினார்.

செங்கல்பட்டு திரும்பும்போது காரில் கேட்டுவிட்டேன்.

"தலைவரே, நான் அந்த முத்திரைய குத்தாம இருந்திருந்தா மாயவன் பொழச்சிருப்பானா?"

பதினோரு வருடமாக நான் எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்பா" என்பதுதான் அவர் பதில். இப்போது கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாட்டான். நீ குத்தலன்னாலும் கல்லு வந்திருக்காது. உங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே அந்த மனுவ நான் படிச்சிட்டேன். அந்தக் குப்பத்துல மொத்தமே எம்பது ஓட்டு. வேணாம்னு முடிவு பண்ணது நான்தான்."