கைக்குட்டை கிடந்த கல்

ப்ளோவ்டிவ் நகரத்துக் கல் கடையில் வெசெலா வெள்ளைக் கல்லைத் தடவிக்கொண்டே நின்றாள். சமையல் மேடை வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. கணவர் ராத்கோவுக்குக் கண் மங்கிவருகிறது. சனிக்கிழமைகளில் பானிட்சா என்ற அடுக்குப் பலகாரம் சுடுவதற்காக மேடைமேல் மாவைத் தாள் போல இழுத்து விரிக்கும் வேலையை மட்டும் அவர் இன்னும் விடவில்லை.

"உன் இஷ்டம்" என்று பக்கத்தில் நின்ற ராத்கோ, கண்ணாடியைத் துடைத்த வெள்ளைக் கைக்குட்டையை அந்தக் கல்மேல் வைத்தார். பிறகு அதைக் காணாமல் துழாவினார். அது அவர் விரலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

வெசெலா கடைக்காரரிடம் திரும்பினாள். "கறுப்பே குடுங்க."

ராத்கோ சிரித்தார். "வெள்ளை வெள்ளைன்னு என் உயிரை எடுத்தியே?"

"வெள்ளைல உங்க மாவை யாரு தேடுறது? எனக்கு நேரத்துக்கு பானிட்சா வந்தாகணும்."