திரையில் ஓடும் எண்

தம்பியின் விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. வாசலில் ஓர் அழுகை வெடித்தது. திரும்பாமலே தெரிந்தது, தம்பியின் கூட்டாளி சோடாபுட்டி.

"எங்களை விட்டுட்டுப் போயிட்டியேடா வாத்தி!"

தம்பியைக் கூட்டாளிகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் பொத்தான்களைப் போட்டு முடித்தாள்.

"கூடப் பொறந்தவ கண்ணுல சொட்டுத் தண்ணி இல்ல. அந்தப் பையனைப் பாரு," என்றாள் சித்தி.

"ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதுச்சாம், சித்தி."

தம்பி, சோடாபுட்டி, இன்னும் இரண்டு பேர் சேர்ந்து பரீட்சைக்காக ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பை வாங்கியிருந்தார்கள், தம்பியின் பேரில். ஆளுக்கொன்று வாங்க எந்த வீட்டிலும் வழியில்லை. வாங்கியவரின் போன் நம்பர் பாடத்தின் மேல் ஓயாமல் ஓடும். திருடினால் யாரென்று தெரிவதற்கு. சோடாபுட்டி அதைத் திரையோடு பதிவுசெய்து வெளியே விற்றான். அதில் ஓடிய நம்பரை வைத்து நோட்டீஸ் தம்பிக்கு வந்தது.

"அவன் பேரைச் சொல்லேண்டா," என்றாள் அன்றைக்கு.

"ஒருத்தனாவது பாஸாகட்டும், விடுக்கா."

நஷ்டஈடு கட்டப் படிப்பை மூட்டைகட்டிவிட்டு, சாப்பாடு டெலிவரிக்குப் போனான். நேற்று மழையில், ஒரு லாரி.

அவள் சமையலறைக்குப் போனாள். சோடாபுட்டி பின்னாலேயே வந்தான். கண்ணாடியைத் துடைத்தான்.

"ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்கக்கா."

"உனக்கு என்ன வேணும்?"

"இல்லக்கா… வாத்தி போன் உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"இறக்கி வச்ச வீடியோ எல்லாம் அவன் கணக்குலதான் கிடக்கு, எல்லாரும் அதுலதான் பாக்குறோம். அடுத்த வாரம் பரீட்சை. அதுவரைக்கும் அழிச்சிடாதீங்க. நான் மட்டும் இல்லக்கா, நிறைய பசங்க பாவம்…"

அலமாரியிலிருந்து போனை எடுத்தாள். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. எல்லா வீடியோக்களையும் தேர்ந்தெடுத்தாள். விரல் ஒன்று அழுத்தினால் போதும்.

"அக்கா, கால்ல விழறேன்."

ஒவ்வொரு பாடத்துக்கும் தம்பி ஒரு தலைப்பு வைத்திருந்தான். 'இதுல பயம் வேணாம்.' 'தூக்கம் வந்தா நின்னுகிட்டே பாரு.' 'புரியலையா? எனக்கும்தான்.'

விரலை எடுத்தாள்.

"அழிக்க மாட்டேன். நீ பாக்கணும்."

"ரொம்ப தேங்க்ஸ்க்கா…"

"ஒண்ணு விடாம பாக்கணும். இப்பவே உக்காரு."

"இப்பவா? வண்டி வந்துடுச்சு. தூக்கணுமேக்கா."

"தூக்க ஆள் இருக்கு. நீ அவனைத் தொடாதே. படி."

ஒரு பாடத்தை ஓடவிட்டு, போனை மேடைமேல் சுவரில் சாய்த்து வைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டாள். அவன் உட்கார்ந்தான். ஆசிரியர் சிரித்தபடி கணக்கைத் தொடங்கினார். ஓரத்தில் தோன்றிய தம்பியின் எண், பலகையைக் கடந்து அவர் நெற்றியில் ஏறியது. சோடாபுட்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"நிமிர்ந்து பாரு."

கூடத்தில் அழுகை உயர்ந்தது. "தலைப் பக்கம் பிடி, மெதுவா," என்றது ஒரு குரல். அவன் எழப் பார்த்தான். அவள் சமையலறை வாசற்படியில் நின்றிருந்தாள். உட்கார்ந்துவிட்டான். எண் மறுபடியும் ஓரத்திலிருந்து கிளம்பியது.

போனில் சார்ஜ் குறைந்து சிவப்புக் காட்டியது. அவள் தம்பியின் சார்ஜரைத் தேடி எடுத்து, செருகி, சுவிட்சைப் போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.