பாவில் ஓடிய கோடு

சேவூர் பக்கம் சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைகளுக்குப் பூச்சாண்டி தேவையில்லை, தேவநேசன் பெயரைச் சொன்னால் போதும் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டது நெசவுக்காரர் தருமன்தான் என்று தேவநேசனுக்கு நன்றாகவே தெரியும். உள்ளூர அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆரணியில் ஒரு பட்டுக்கடைக்கு வந்து சேரும் சேலைகளை வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை. முப்பத்தொரு வருஷமாக வஞ்சனையில்லாமல் கண்டுபிடித்து வந்தார். நேற்றுக் காலையில், தன் கையாலேயே புதிதாக மாட்டிய எல்.இ.டி. லைட்டுக்கு முன்னால் முதல் போணியாகத் தருமனின் மாம்பழ நிறச் சேலையைப் போட்டு இழுத்தார். ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கறுப்பாக ஒரு கோடு. இழுக்க இழுக்க அதே இடத்தில் வந்துகொண்டே இருந்தது.

“பாவு இழை அறுந்து முழு நீளத்துக்கும் ஓடுது. எடுத்துகினு போ.”

“என் சேலையில கோடா? வெயில்ல கொண்டாந்து பாருண்ணா!”

“வெயிலு இன்னாடா சொல்றது? என் லைட்டு சொல்லுது.”

“கோடு சேலையில இல்லண்ணா, உன் கண்ணுல கீது!”

இந்த வாய்க்கொழுப்புக்குத் தகுந்த பதில் தேவநேசனிடம் தயாராக இருந்தது. சொல்ல வாயைத் திறந்தார். நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை இறக்கி வைத்ததுபோல் ஆனது. அப்படியே சரிந்தார். அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டு, பிறகு ஆம்புலன்ஸில் ஏறி வேலூர் வரைக்கும் கூடவே வந்தது அதே தருமன்தான். சேலைப் பையை மட்டும் அவர் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

இன்று காலை தேவநேசன் வேலூர் ஆஸ்பத்திரியில் மேஜைமேல் மல்லாந்து கிடந்தார். மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய கம்பி இதயம் வரை போயிருந்தது.

“நேத்து எடுத்த படத்துல ஒரு இடம் மங்கலா இருக்கு ஐயா,” என்றாள் டாக்டர் ரீனா. “இந்தக் கம்பி மேலயே நுனியில வெளிச்சம் வர்ற குழாய் ஒண்ணை அனுப்பி, ரத்தக்குழாயோட உள்சுவரைப் பாக்கப் போறோம். கிழிஞ்சிருந்தா ஸ்டென்ட் வைக்கணும். ரொம்ப மோசம்னா நெஞ்சைத் திறக்கணும். வெறும் கொழுப்புன்னா மாத்திரையோட போயிடும்.”

தேவநேசனுக்குப் பயம். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, வெறும் பயம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைகளில் பின்வரிசையில் தூங்கிய அத்தனை பிரசங்கங்களுக்கும் மொத்தமாக மன்னிப்புக் கேட்டார்.

“மூச்சை அடக்குங்க.” நெஞ்சுக்குள் சூடாக ஏதோ பரவியது. ரெண்டு மூணு நொடியில் வேலை முடிந்துவிட்டது. குழாயைப் பின்னால் இழுக்க இழுக்க எடுத்த படங்கள் திரையில் ஒவ்வொன்றாக ஓடின. பழுப்பாக வட்டம், சுற்றிலும் அடுக்கடுக்காகச் சுவர். நெருக்கமான நெசவு, பரவாயில்லை என்று நினைத்தார். அப்போதுதான் அதைப் பார்த்தார். வட்டத்தின் ஒரு பக்கத்தில் கறுப்பாக ஒரு இடைவெளி. அடுத்த படத்திலும் அதே பக்கம். அதற்கடுத்ததிலும்.

“டாக்டரம்மா! பாவு அறுந்துபோச்சு!”

“என்னது?”

“ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரிக்கும் ஒரே பக்கமா ஓடுது பாருங்க. முழு பீஸும் போச்சு. ஜல்தியா நெஞ்சத் தொறந்துடுங்க!”

ரீனா பதறவில்லை, சிரித்தாள். “அது நாங்க விட்ட கம்பியோட நிழல் ஐயா. வெளிச்சத்துக்கும் சுவருக்கும் நடுவுல கம்பி நிக்குது. அதுக்குப் பின்னால கறுப்பாத்தான் தெரியும். உங்க சுவர்ல கோடே கிடையாது.”

பிறகு ஒரு படத்தை நிறுத்தி, மூலையில் ஒரு சின்னத் திட்டைக் காட்டினாள். “நிஜமான குறை இதுதான். கொஞ்சம் கொழுப்பு. கிழியல. மாத்திரையே போதும்.”

“குறைனு தெரிஞ்சே பாஸ் பண்றீங்களா?”

“ஆமா. வீட்டுக்குப் போங்க.”

தேவநேசன் கண்ணை மூடிக் கர்த்தருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தார். பாதி ஜெபத்தில் அந்த எல்.இ.டி. லைட்டு ஞாபகத்துக்கு வந்தது. ஒயரைச் சுவரோடு சேர்த்து அடிக்கச் சோம்பல்பட்டு, லைட்டுக்கு முன்னாலேயே தொங்கவிட்டிருந்தார். சேலை நகர்ந்தது, ஒயர் நகரவில்லை. ஜெபம் அங்கேயே நின்றுபோனது. முப்பத்தொரு வருஷ மானம் ஒரு முழ ஒயரில் தொங்கியது.

சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்தார்கள். மனைவி சகாயமேரி ஸ்தோத்திரம் சொல்லி அழுதாள். பக்கத்தில் தருமன், மடியில் பையோடு, முழு ராத்திரியும் தூங்காத கண்களோடு எழுந்து நின்றார்.

“அந்தச் சேலைய எட்றா. ஜன்னலாண்ட புடி.”

“இப்ப எதுக்குண்ணா பேஜாரு? ஒடம்பப் பாரு.”

“புடின்றேன்ல.”

வெயிலில் முழு நீளத்தையும் இழுத்துப் பார்த்தார்கள். கோடு இல்லை.

“என் ஒயரு நெழலுடா அது. தப்பு என்னுது.” கேட்ட சகாயமேரி அழுகையை நிறுத்திவிட்டாள். கல்யாணமான நாளாக அந்த வார்த்தையை அவர் வாயில் அவள் கேட்டதில்லை.

தருமன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் அவசர அவசரமாக முந்தியை மடித்தார். தேவநேசனுக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. மடிப்பை விலக்கினார். ஜரிகைக் கரையை ஒட்டி, துவரம்பருப்பு அளவுக்கு, குறுக்கே ஓடும் ஊடை இழை ரெண்டு தப்பியிருந்தது.

“இதுக்குத்தான் பைய வுடாம வச்சிகினு இருந்தியா?”

தருமன் தலையைச் சொறிந்தார். “நீ கோட்டயே பாத்துகினு இருந்த, இத வுட்டுட்ட. வெயில்ல பாருனு வாய்தவறிச் சொன்னப்புறந்தான் எனக்கே பகீர்னு ஆச்சுண்ணா.”

குறைக்குச் சுழி போடும் பென்சிலைத் தேடி, தேவநேசனின் கை பழக்கத்தில் காதுக்குப் போனது. அங்கே அது இல்லை. மணிக்கட்டில் கட்டு மட்டும் இருந்தது. அதைப் பார்த்தார். பிறகு தருமனைப் பார்த்தார்.

“கிழியல,” என்றார். “மாத்திரயே போதும்.”

“சேலைக்கு இன்னாண்ணா மாத்திர?”

“வாய மூடிகினு மடி.”