நாளைக்காரரின் ஞானஸ்நானம்

கண் விழித்ததும் துணிக்கடைக்காரருக்கு முதலில் உறைத்தது தலையணையின் ஈரம். காய்ச்சல் இறங்கியிருக்கிறது, வியர்வை, என்று நினைத்தார். ஆனால் தலையைத் திருப்பியபோது காதுக்குள் தண்ணீர் குளுகுளுவென்று ஓடியது. வியர்வை காதுக்குள் ஏன் போகிறது? நெற்றியில் எண்ணெய் வாசனை. குனிந்து பார்த்தால் உடம்பில் வெள்ளை உடுப்பு. ஆயிரம் நிறத்துத் துணி விற்கிறவர் வீட்டில் வெள்ளைத் துணிக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு, ஞானஸ்நானம். கால்மாட்டில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அழுது வீங்கிய முகம், ஆனால் அதில் கல்யாண வீட்டுக் களை.

"என் தலையில யாரு தண்ணி ஊத்துனது?"

"சபை மூப்பர்தாங்க. மூச்சு இழுத்துக்கிச்சு, உள்ளங்காலெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்தேன். முழுக்குத் தொட்டிக்குத் தூக்கிட்டுப் போக நேரமில்லைன்னு படுக்கையிலயே மூணு தடவை ஊத்திட்டாரு."

"இப்ப எனக்கு எப்படி இருக்கு?"

"காய்ச்சல் சுத்தமா விட்டுடுச்சுங்க! பிழைச்சுட்டீங்க!"

அவர் வாழ்நாளில் இவ்வளவு கெட்ட செய்தியைக் கேட்டதில்லை.

அவருடைய பயம் புரிய வேண்டுமானால் அந்தக் காலத்துச் சபையின் கணக்குப் புரிய வேண்டும். அரசாங்கத்துத் துன்புறுத்தல் ஓய்ந்து, இயேசுவை நம்புகிறவர்கள் தெருவில் தைரியமாக நடக்க ஆரம்பித்திருந்த காலம் அது. ஞானஸ்நானம் எடுத்தால் அதுவரை செய்த பாவமெல்லாம் ஒரே முழுக்கில் போய்விடும். சின்னது, பெரியது, யாருக்கும் தெரியாதது, எல்லாம். ஆனால் அந்த முழுக்கு ஆயுசுக்கு ஒரு தடவைதான். அதற்கப்புறம் பண்ணுகிற பாவத்துக்கு என்ன வழி என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே தகராறு. இதைக் கேட்டதும் விவரமானவர்கள் என்ன செய்வார்கள்? தள்ளிப்போட்டார்கள். சாகக் கிடக்கும்போது முழுகினால் எல்லாம் போகும், புதிதாகச் சேர நேரமும் இருக்காது. நம் துணிக்கடைக்காரர் விவரமானவர்களுக்கெல்லாம் விவரமானவர். மூப்பர் ஒவ்வொரு வசந்தத்திலும் கேட்பார், "இந்த வருஷம் இறங்கிடலாமா?" இவர் சிரித்துக்கொண்டே "நாளைக்குப் பாத்துக்கலாம் ஐயா" என்பார். சபையில் அவருக்கு நாளைக்காரர் என்றே பெயர் வந்துவிட்டது. ஜெபம் முடிந்து அப்பம் பிட்கும் நேரம் வந்ததும் முழுகாதவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவார்கள். என்றைக்கோ முழுகிவிட்ட அவர் மனைவி உள்ளே இருப்பாள், அவர் வெளியே வெயிலில் நிற்பார். அந்த நேரத்தில்கூட ஓரிரு துணி விற்றிருக்கிறார்.

அவருடைய திட்டத்தில் ஓட்டையே கிடையாது, பிழைத்துக்கொள்வோம் என்ற ஒன்றைத் தவிர.

மறுநாள் காலையில் மூப்பர் வந்தார். நாளைக்காரர் சாய்ந்து உட்கார்ந்து, இருமி, பேரத்தைத் தொடங்கினார்.

"ஐயா, காய்ச்சல்ல பினாத்துறவன் சரின்னு சொன்னா அது சரியாகுமா? அப்படி ஒருத்தன்கிட்ட நான் சரக்கை வித்தா சந்தையே கூடி என்னைத் திரும்ப எடுத்துக்க வைக்கும்."

"இதுல நீங்க விக்கலையேப்பா. வாங்கியிருக்கீங்க."

"விலை?"

"அதை வேற ஒருத்தர் குடுத்துட்டாரு. சிலுவையில. அதான் திருப்பிக் குடுக்க வழியில்லைங்கறேன்."

"எனக்கு எதுவுமே நினைவில்லையே ஐயா."

"மேற்கே பாத்து சாத்தானை விட்டுட்டேன்னு சொன்னீங்க. உங்க தலையை உங்க சம்சாரம்தான் திருப்பிப் பிடிச்சுக்கிட்டாங்க. கிழக்கே திருப்பினதும், நம்புறேன், நம்புறேன், நம்புறேன்னு தெருவுக்கே கேக்கக் கத்துனீங்க. தண்ணிக்குள்ள போறவன் கல்லறைக்குள்ள போறான். ஏறி வர்றவன் வேற ஆளு."

"நான் ஏறி வரலையே. படுத்துத்தானே கிடந்தேன்."

மூப்பருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. "எனக்கும் பயம் இருக்கு. சாவுக்குப் பயந்து வாங்குனது அரை முழுக்குன்னு சொல்ற ஊரும் இருக்கு. நான் ஊத்துனது முழுசுன்னுதான் நம்பிக்கிட்டிருக்கேன். நீங்கதான் அதைக் காட்டணும்."

"இனிமே தப்புப் பண்ணிட்டா?"

"பெரிய தப்புன்னா ஒரே ஒரு கதவு உண்டு. சாம்பலைப் பூசிக்கிட்டு வாசல்ல நின்னு, உள்ள போற ஒவ்வொருத்தர் காலையும் பிடிச்சு அழணும். அதுவும் ஆயுசுக்கு ஒரு தடவை."

உடனே நாளைக்காரரின் புத்தி அந்த ஒரு தடவையை எந்த வயசில் வைத்துக்கொண்டால் லாபம் என்று பார்க்கத் தொடங்கியது. அது பார்ப்பதை அவரே பிடித்தார். இப்போது நினைத்தேனே, இது பாவத்தில் சேருமா? சேர்ந்துவிட்டதா? மூப்பரைக் கேட்கவும் பயம். சேரும் என்று சொல்லிவிட்டால்?

முழுகினவர்கள் எட்டு நாள் உடுத்த வேண்டிய வெள்ளை உடுப்பைக் களையும் நாள்வரை அவர் வீட்டைவிட்டு நகரவில்லை. பேசாதவன் பொய் சொல்ல முடியாது என்று வாயைக் கட்டினார். யாராவது நலம் விசாரித்தால் தலையை மட்டும் ஆட்டினார், அதுவும் பாதி ஆட்டம், மீதி சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையைக் காட்டி "லட்சணமா இருக்கான்ல?" என்று கேட்டபோது எழுந்து உள்ளே ஓடிப்போனார். தூங்கப் போகும்போது இப்படியே செத்துவிட்டால் நல்லது என்று வேண்டிக்கொள்வார். அப்படி வேண்டுவது எந்தப் பாவத்தில் சேரும் என்று யோசித்துத் தூக்கம் போகும்.

"நீயும்தானே முழுகினவ" என்று ஒருநாள் மனைவியிடம் வாயைத் திறந்தார். "எப்படி இத்தனை வருஷம் பயமில்லாம இருக்க?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா பயமில்லைன்னு? தினமும் நீங்க கடையில சொன்ன பொய்யைத்தான் நான் சமைச்சுச் சாப்பிடுறேன். ஒவ்வொரு வாயும் பயந்துக்கிட்டேதான் முழுங்குறேன். இப்ப ரெண்டு பேராச்சு, அவ்வளவுதான்."



உடுப்பைக் களைந்த மறுநாள் மச்சினன் வந்து நின்றான். மனைவியின் தம்பி, கடையில் கூட்டாளி, சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன்.

"அத்தான், கப்பல்காரர் இன்னைக்கு வர்றாரு. ஊதாத் துணி மொத்தமும் வேணுமாம். நம்ம சொத்து பூரா அதுலதான் கிடக்குது. நான் பேசுனா அந்த ஆளு மசியமாட்டாரு. நீங்க வந்து உக்காருங்க, போதும்."

அந்த ஊதாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடல் நத்தையைப் பிழிந்து எடுக்கும் ஊதா எத்தனை தடவை அலசினாலும் போகாது. அரசாங்கத்துப் பெரிய மனிதர்கள் உடுத்துவது. நாளைக்காரர் கடையில் இருந்தது வேரை அரைத்து ஏற்றிய ஊதா. பார்வைக்கு அண்ணன் தம்பி, தண்ணீரில் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதைக் கடல் சாயம் என்று சொல்லித்தான் வருஷக்கணக்காக விற்று வந்தார். இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை. வாங்கியவர்களெல்லாம் தூரதேசத்துக்காரர்கள்.

கப்பல்காரர் தாட்டியான ஆள். கண்ணைப் பார்த்தே விலை பேசுகிறவர். துணியை விரல்களுக்கிடையில் தேய்த்தார், வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"கடல் சாயம்தானே?"

கேள்வி வந்துவிட்டது. மச்சினன் பின்னாலிருந்து முதுகில் விரலால் ஒரு குத்துக் குத்தினான். 'ஆமா' என்ற சொல் பழக்கத்தில் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அதை விழுங்குவதற்கு, படுக்கையில் உயிரைப் பிடித்து இழுத்ததைவிட அதிகப் பாடுபட்டார். கடை போகும். வீடு போகும். மச்சினன் முகத்தில் முழிக்க முடியாது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கோத்தது.

"இல்லீங்க" என்றார். குரல் நடுங்கியது. "வேர்ச் சாயம். தண்ணி பட்டா போயிடும்."

மச்சினனின் மூச்சு நின்றது பின்கழுத்தில் தெரிந்தது. கப்பல்காரர் அவர் முகத்தையே பார்த்தார். வியர்வையைப் பார்த்தார். நடுங்கும் உதட்டைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"யாருக்குப் பேசி வெச்சிருக்கீங்க?"

"யாருக்கும் இல்லீங்க. நிஜமாவே..."

"நானும் சந்தையில பிறந்தவன்தான் ஐயா. தன் சரக்கைத் தானே மட்டம்னு சொல்றவனை இன்னைக்குத்தான் பாக்குறேன். எவனோ பெரிய இடம், எனக்கு முன்னாடி முந்திக்கிட்டான். என்னைத் துரத்தப் பாக்குறீங்க. அவன் என்ன சொன்னானோ அதுக்கு மேல நான் தர்றேன்."

"அலசிப் பாருங்க! ஒரு முனையை நனைச்சுப் பாருங்க!"

"பாத்தீங்களா, அலசச் சொல்ற தைரியம் வேர்ச் சாயக்காரனுக்கு வருமா?" என்று கப்பல்காரர் தன் ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்தார். மூட்டை கட்டச் சொன்னார். நாளைக்காரர் குறுக்கே கையை நீட்டினார். மச்சினன் அந்தக் கையை அன்போடு பிடித்து மடக்கினான்.

கழுதைகள் தெருவில் இறங்கியதும் மச்சினன் அவர் தோளைக் கட்டிக்கொண்டான். கண்ணில் தண்ணீர். "அத்தான்! என்ன வித்தை அத்தான் இது! அந்த வியர்வை ஒண்ணு போதுமே! அடுத்த சரக்குக்கும் இதையே சொல்லுங்க. வேர்ச் சாயம்னே சொல்லுங்க. சபையில சொல்லிக் குடுத்தாங்களா?"

நாளைக்காரர் உண்மையைத்தான் சொன்னார், ஒரு எழுத்துக்கூடக் குறைக்கவில்லை. ஆனால் ஏமாந்தவன் ஏமாந்துதானே போகிறான்? நாளைக்கு இதே உண்மையை, இது விற்கும் என்று தெரிந்துகொண்டே சொன்னால் அதற்கு என்ன பெயர்? இன்றைக்கே, இப்போதே, மனசின் ஏதோ ஒரு மூலையில் தெரிந்துதான் சொன்னாரா? அந்த மூலைக்குள் எட்டிப் பார்க்கப் போனவர் பயந்து பின்வாங்கினார்.

செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினார். "நில்லுங்க! ஐயா, நில்லுங்க!" கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கப்பல்காரர் திரும்பிப் பார்த்தார். விற்றவன் சரக்கைத் திரும்பக் கேட்டு ஓடிவருகிறான் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வெற்றி மின்னியது. கழுதையின் பின்புறத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். கழுதைகள் இறக்கத்தில் குதித்துக்கொண்டு ஓடின, துறைமுகத்துப் பக்கம். அங்கே வானம் கறுத்து, கடலோடு ஒட்டிக்கிடந்தது. வெறும் காலில், வாயைத் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்த நாளைக்காரரின் புறங்கையில் பெரிய மழைத்துளி ஒன்று விழுந்தது. முன்னால், கடைசிக் கழுதையின் மேல், கட்டு அவிழ்ந்த மூட்டையிலிருந்து ஒரு முழம் ஊதா காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.