புல் விட்ட பெருமூச்சு

அவள் கணவர் பேயை எழுப்பத்தான் சம்பளம் வாங்குகிறார் என்று ஆய்வுக்கூடத்தில் கேலி பேசுவார்கள். கேலியில் பாதி உண்மை.

இலைக்குள் ஒரு நொதி இருக்கிறது. கரியமில வாயுவைப் பிடிப்பது அதன் வேலை. ஆனால் ஆள் அடையாளம் தெரியாத அசடு அது. அடிக்கடி ஆக்சிஜனைப் பிடித்துவிட்டு, அந்தத் தப்பைச் சரிக்கட்டக் கைமுதலான கரியமில வாயுவையே வெளியே விட்டுவிடும். கெட்டிக்காரப் புற்கள் சில, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அதை உள்ளறையில் போட்டு, வாசலில் வேறொரு நொதியைக் காவல் வைத்தன. கணவர் அந்தக் காவலனை நீக்கி, எப்போதோ மறைந்துபோன அதன் ஆதி வடிவத்தை, அதாவது அதன் முப்பாட்டனை, எழுப்பி நிறுத்தப் பார்த்தார். முப்பாட்டனுக்குக் காவல் வேலை தெரியாது. பழைய குருடி கதவைத் திறடி என்று புல் பழைய தப்புக்கே திரும்ப வேண்டும். திரும்பினால், விளக்கை அணைத்ததும் பிடிப்பது நின்று, விடுவது மட்டும் கொஞ்சம் நீடிக்கும்; குபுக்கென்று கரியமில வாயு வரும். அந்தப் பெருமூச்சைப் பார்க்காமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

இன்று சோதிக்க ஒரு புல் தொட்டிதான் பாக்கி. அதுவும் பொய்த்தால் அவர் வளர்த்த அத்தனை புல்லும், மரபணு மாற்றியதை வெளியே விடக்கூடாது என்ற விதிப்படி, மாலைக்குள் நீராவிக் கொப்பரையில் வெந்துவிடும். அவரிடமிருந்து மிச்சம் என்று எதுவும் இருக்காது.

அவள் தொட்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடி, விளக்கைப் போட்டாள். பிறகு அணைத்தாள். கரியமில வாயுவை அளந்து காட்டும் திரையில் கோடு எகிறியது.

"விட்டுட்டாரு! மூச்சு விட்டுட்டாரு!"

"அதுன்னு சொல்லுங்க அண்ணி. புல்லு அது." கருவியைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் அசையவில்லை. "பெட்டி மேலயே சாஞ்சுகிட்டு அழுதீங்க. மூடியோட ரப்பர் வளையம் வேற பழசு, காத்து கசியும். அது உங்க மூச்சுதான்."

அவளுக்குச் சுருக்கென்றது. பெட்டிப் பக்கத்தில் மூச்சை அடக்கு என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. கணவர் ஒருமுறை கொட்டாவி விட்டு அன்றைய அளவையெல்லாம் பாழாக்கியதற்கு அவரை இன்னும் மனசுக்குள் ஏசிக்கொண்டிருப்பவள் அவள்.

"வளையத்த மாத்திட்டு இன்னொரு தடவை பாப்போம்," என்றாள் நாத்தனார். "ரெண்டு பேருமே வெளிய போயிருவோம்."

வளையத்தை மாற்றி, விளக்கைப் போட்டுவிட்டு, அதன் சுவிட்சையும் திரையையும் வெளியே கொண்டுவந்தார்கள். கதவைச் சாத்தி, கண்ணாடிச் சுவருக்கு இப்பால் நின்றார்கள். இப்படியே ஒரு கண்ணாடிக்கு வெளியே முன்பும் நின்றிருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில். உள்ளே எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தும் அவருக்குப் போதவில்லை. அவள் கண்ணை மூடிக்கொள்ள, நாத்தனார்தான் எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

இன்றும் அவளுக்குப் பயமாக இருந்தது. சுவிட்சைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆளில்லாத அறை இருண்டது.

"என்ன ஆச்சு?"

நாத்தனார் திரைப் பக்கம் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லித் தொலையேன்டி!"

நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள்.

"மூச்சு விடுறாரு அண்ணி."